உச்சிவேளையின் இரண்டாம் பள்ளம்

நான் பணியாற்றிய பிரிவில் இப்போது ஒரு புதிய முறை வந்திருக்கிறது. காந்தப்புயலின்போது பூமியின் காந்தப்புலம் அடுத்த சில மணிநேரத்தில் எவ்வளவு தாழும் என்பதை, பழைய பதிவுகளைக் கற்றுத் தேர்ந்த நிரல் ஒன்று நொடியில் சொல்லிவிடுகிறதாம். பிளாஸ்மா எங்கிருந்து வந்தது, எவ்வழியே சுற்றியது என்று அதனிடம் கேட்க இயலாது. கேட்கவும் தேவையில்லை என்கிறார்கள். அதை இயக்கும் இளைய நண்பர்கள் சென்ற மாதம் எனக்கு எழுதினார்கள். நான் செய்த வேலையில் அவர்களுக்கு இன்னும் பயன்படக்கூடியது எது என்று எழுதித் தரவேண்டுமாம்.

புதிய நிரலின்மேல் எனக்குக் குறையில்லை. என் கணிப்புகளைவிட அதன் கணிப்புகள் மிகுதியும் பலிக்கின்றன. ஆகவே எனக்குப் பலித்தவற்றை எழுதிப் பயனில்லை. நான் பிழைசெய்த புயலொன்றைப் பற்றி எழுதுகிறேன். அதில் ஒரு மனிதருடைய வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இயற்பியலில் முதுகலை முடித்தேன். மலையாளம் பேசும் எங்களூரில், வலியசாலைத் தெருவில், எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் ஏதேனும் வங்கியில் இடம் கிடைக்காதா என்று அப்பா விசாரித்துக்கொண்டிருந்தபோது, நகருக்கு வெளியே இருந்த ஆய்வுக்கூடத்திலிருந்து ஆணை வந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் பிறர் எழுதிய நிரல்களில் பிழை பொறுக்கினேன். மூன்றாம் ஆண்டு பணிக்கர் சார் என்னைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

எங்கள் வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிட வேண்டும். சூரியனிலிருந்து ஓயாது வீசும் துகள்காற்றின் நடுவே பூமியின் காந்தப்புலம் தனக்கென ஓர் இடத்தை ஒதுக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த இடம் பகற்பக்கம் ஒடுங்கியும், இரவுப்பக்கம் வால்போல் நீண்டும் இருக்கும். அதுவே காந்தமண்டலம். அதற்குள் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்களின் திரள், சுற்றிக்கொண்டே இருக்கிறது. சூரியக்காற்று சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பினால் இச்சுழற்சி விரைவுபெறும். வாலிலுள்ள பிளாஸ்மா பூமியை நோக்கித் தள்ளப்படும். அருகே வந்ததும் அயனிகள் மாலைப்பக்கமாகவும் எலெக்ட்ரான்கள் விடியற்பக்கமாகவும் பிரிந்து செல்லும். அவற்றால் பூமியைச் சூழ்ந்து உண்டாகும் வளைய மின்னோட்டம் தரையிலுள்ள காந்தப்புலத்தைத் தாழ்த்தும். காந்தமானி வரையும் கோட்டில் ஒரு பள்ளம் விழும். அப்பள்ளத்தின் ஆழத்தைக் கொண்டே புயலின் கடுமையை அளக்கிறோம்.

இந்தச் சுழற்சி முழுவதையும் கணினியில் கட்டமிட்டு, கட்டந்தோறும் கணக்கிடுவது எங்கள் மாதிரி. அதில் ஒரு நுட்பம் உண்டு. உள்ளே வந்த பிளாஸ்மா, வெளியிலிருந்து தன்னைத் தள்ளிய மின்புலம் மேலும் உட்புகாதபடி தானே ஒரு தடுப்பை எழுப்பிக்கொள்ளும். வெளித்தள்ளல் திடீரென நின்றாலும் அத்தடுப்பு உடனே கரைவதில்லை. அச்சிறு பொழுதில் உட்பகுதியில் மின்புலம் தலைகீழாகத் திரும்பிவிடும். பின்னால் வருவது விளங்க இச்செய்தி ஒன்றை மட்டும் வாசகர் நினைவில் கொண்டால் போதும்.

பணிக்கர் சார் சென்னையில் படித்தவர்; எங்களோடு தமிழில்தான் பேசுவார், தம் மலையாளத்தை அதில் தாராளமாகக் கலந்து. குழுவில் அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்றுண்டு. மாதிரியை ஓட்டுமுன், ஓட்டுபவர் அஞ்சலட்டை அளவுள்ள மஞ்சள் சீட்டில் மூன்று செய்திகளை மையால் எழுதவேண்டும்: பிளாஸ்மா எந்தப் பக்கத்தில் உள்ளே வரும், எவ்வளவு அருகே வரும், பள்ளம் எந்நேரம் அடித்தட்டைத் தொடும். எழுதி, நேரமிட்டு, ஒப்பமிட்டு அவர் மேசைமேல் வைக்கவேண்டும். ஓட்டம் முடிந்ததும் வரைபடத்தோடு சேர்த்து அதைக் கோப்பில் கோத்துவிடுவார். எதிர்பார்ப்பு பிழைத்ததற்காக அவர் எவரையும் கடிந்ததில்லை. சீட்டுத் தராதவருக்குக் கணினியில் நேரம் கிடைக்காது, அவ்வளவுதான்.

"எதிர்பார்த்தது தெற்றிப்போனா ஒண்ணு படிச்சோம். எதிர்பார்ப்பே இல்லைன்னா என்னத்தைப் படிக்கும்?" என்பார். தெற்றுவதென்றால் மலையாளத்தில் பிழையாவது.

வரைபடத்தைப் பார்க்கும்போது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைக் கண்ணருகே கொண்டுபோவார். ஏதாவதொரு வளைவின்மேல் விரலை வைத்து, "இது ஆரு பறஞ்சது? கம்ப்யூட்டரா, நீயா?" என்று கேட்பார். பெரும்பாலும் நாங்கள்தாம் சொல்லியிருப்போம்.

ராஜன் எங்கள் குழுவைச் சேர்ந்தவர் அல்லர். செயற்கைக்கோள்களுக்குக் கட்டளை அனுப்பும் அறையில் பொறியாளர். நாகர்கோவிலிலிருந்து வந்து எங்களூர்த் தம்பானூரில் ஓர் ஓட்டலில் சமையல்வேலை பார்த்தவரின் மகன். அவ்வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவர். காலையும் மாலையும் அலுவலகப் பேருந்தில் என் முன்னிருக்கையில் அமர்ந்து, பின்னால் திரும்பியபடியே வருவார்.

"அக்கா, நாளைக்கு ஆகாசத்துல மழை உண்டா? சாட்டிலைட்டுக்கு ஒரு குடை வாங்கணுமே."

"முதல்ல உன் குடையை பஸ்ல விடாம எடுத்துண்டு போ, ராஜா. போன வாரம் விட்டது எங்காத்துலதான் கிடக்கு."

"அது அங்கேயே இருக்கட்டும் அக்கா. இங்க இருந்தா நான் தொலைச்சிருவேன்."

அந்தப் புயல் ஒரு வேலைநாளின் காலையில் தொடங்கிற்று. சில நாள்களுக்கு முன் ஏவப்பட்ட செயற்கைக்கோள் ஒன்று, தனக்குரிய இடத்தை இன்னும் அடையாமல், நீண்ட வட்டப்பாதையில் சுற்றிக்கொண்டிருந்தது. எங்களுக்கு உச்சிவேளையானபோது அது பூமியின் மறுபுறத்தில், இரவுப்பக்கத்தில், பாதையின் தொலைக்கோடியில் இருந்தது. உச்சி கடந்து சிறிது நேரத்தில் திசை தவறிப் புரளத் தொடங்கியது. அதை நிலைக்குக் கொண்டுவருவதற்குள் பல ஆண்டுகளுக்கு வைத்திருந்த எரிபொருளில் கணிசமான பங்கு செலவாகிவிட்டது.

விசாரணைக் குழு அமைந்தது. காரணமாக இருக்கக்கூடியவை இரண்டு. வெப்பமிக்க எலெக்ட்ரான்கள் கலத்தின் மேற்பரப்பில் மின்னூட்டத்தைக் குவித்து, அது பொறியாகப் பாய்ந்து கருவிகளைக் குழப்பியிருக்கலாம். அல்லது அந்நேரம் அனுப்பிய கட்டளையிலேயே தவறு நேர்ந்திருக்கலாம். கடல்கடந்த நிலையமொன்றின் வழியே அக்கட்டளையை அனுப்பியவர் ராஜன். அவரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து விலக்கிவைத்துவிட்டு, குழு எங்களுக்கு ஒரு வினா அனுப்பியது: அந்நேரம், அவ்விடத்தில், அத்தகைய எலெக்ட்ரான்கள் மிகுந்திருந்தனவா?

பணிக்கர் சார் கண்புரை அறுவைக்காக விடுப்பில் இருந்தார். விடை சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முறைப்படி மஞ்சள் சீட்டு எழுதினேன். சூரியக்காற்றின் காந்தப்புலம் உச்சிவேளையில் வடக்கே திரும்பிவிட்டது என்று அளவுகள் காட்டின. தள்ளல் நின்றபின் புதிதாகப் பிளாஸ்மா வர வழியில்லை. எனவே பள்ளம் உச்சியை ஒட்டியே அடித்தட்டைத் தொட்டு மீளத் தொடங்கும் என்று எழுதினேன். ஓட்டமும் அவ்வாறே சொன்னது. கலம் இருந்த இடத்தில் எலெக்ட்ரான்கள் குறைந்திருந்தன.

ஆனால் தரைப்பதிவு வேறு சொன்னது. எங்கள் நிலையத்துக் காந்தமானியின் பதிவு கம்பிவழியே எங்கள் தளத்துக்கே வரும். வெளியூர்ப் பதிவுகள் வந்துசேரச் சில நாளாகும். எங்கள் பதிவை எடுத்து, புயலற்ற நாள்களின் சராசரியை அதிலிருந்து கழித்துப் பார்த்தேன். உச்சிக்குப் பின் இரண்டாவது பள்ளம் ஒன்று தெளிவாக விழுந்திருந்தது. கலம் திசைதவறியதும் அப்போதுதான்.

சூரியக்காற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி அந்நேரத்தில் செயலிழந்திருந்தது. ஆகவே வாலின் எல்லையில் எவ்வளவு பிளாஸ்மாவை வைப்பது என்பது என் கையிலிருந்தது. வாலில் தேங்கியிருந்தது திடீரெனத் தளர்ந்து உள்ளே பாய்ந்திருக்கலாம் என்று ஒரு விளக்கமும் கிடைத்தது. அவ்வாறு நிகழ்வதும் உண்டு. எல்லையில் அடர்த்தியைக் கூட்டினேன். ஓட்டினேன். போதவில்லை. மீண்டும் கூட்டினேன். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் சீட்டு எழுதத் தவறவில்லை. ஏழாவது ஓட்டத்தில் இரண்டாம் பள்ளம் பதிவின்மேல் அப்படியே பொருந்தியது. கலம் இருந்த இடத்தில் எலெக்ட்ரான்கள் நிறைந்திருந்தன.

ராஜனைக் காப்பாற்றும் எண்ணம் எனக்கு இருந்ததா என்று அப்போது கேட்டிருந்தால் இல்லை என்றே சொல்லியிருப்பேன். ஆயினும் ஏழாம் ஓட்டம் பொருந்தியபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். கோடுகள் பொருந்தியதற்காக அதற்குமுன் நான் எழுந்து நின்றதில்லை.

அறிக்கையில் ஒப்பமிட்டு அனுப்பினேன். விசாரணைக் குழு அதை ஏற்றுக்கொண்டு, தவறு இயற்கையினுடையது என்று குறிப்பெழுதியது. மறுநாள் பேருந்தில் ராஜன் ஒரு பை நிறைய ஏத்தங்காய் உப்பேரி என்னும் நேந்திரங்காய் வறுவலைக் கொண்டுவந்து வரிசையாக எல்லாருக்கும் கொடுத்தார்.

"அக்காவுக்கு மட்டும் ரெண்டு பொதி. அம்மா ஒரு வாரமா அழுது கரஞ்சுட்டே இருந்தாங்க. இன்னிக்குத்தான் அடுப்பு பத்த வெச்சாங்க."

"எனக்கெதுக்குடா ரெண்டு? நான் என்ன பண்ணிட்டேன்? இருந்ததைச் சொன்னேன்."

"அதை வேற யாரு பறஞ்சாங்க?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பணிக்கர் சார் கருப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பினார். வந்ததும் கோப்பைக் கேட்டார். ஏழு சீட்டுகளையும் ஏழு வரைபடங்களையும் மேசையில் இரண்டு வரிசையாகப் பரப்பினார். முதற்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற ஆறையும் ஒரே அடுக்காகச் சேர்த்தார்.

"இந்த ஆறும் எதிர்பார்ப்பா, ஆசையா?"

நான் அந்த அடுக்கின் ஓரங்களைத் தட்டிச் சீராக்கினேன்.

"செரி, விடு. இந்த ரெண்டாவது குழி, இது எவிடத்து ரெக்கார்டு?"

"நம்ம ஸ்டேஷன் சார்."

"எத்தனை மணிக்கு?"

"உச்சி கழிஞ்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றி, நீர் வடிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒற்றை விரலால் மேலே காட்டினார். மேலே மின்விசிறி ஒன்றுதான் இருந்தது. அவர் காட்டியது அதற்கு நூறு கிலோமீட்டர் மேலே.

அவர் விரல் இறங்குமுன் எனக்கு விளங்கிவிட்டது. காந்த நிலநடுக்கோடு எங்களூரை ஒட்டிச் செல்கிறது. அக்கோட்டின் வழியே, பகற்பொழுதில், வளிமண்டலத்தின் மேலடுக்கில் வலிய மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கி ஆறுபோல் ஓடும். உச்சிவேளையில் எங்கள் காந்தமானியின் கோட்டை அதுவே உயர்த்திக் காட்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாதிப்பேர் ஆராய்வது அதைத்தான். அமைதியான நாள்களின் சராசரியைக் கழித்தபோது அந்த ஆற்றையும் கழித்துவிட்டதாக நான் நம்பியிருந்தேன். புயல்நாளில் அந்த ஆறு ஓடாமலோ, திரும்பி ஓடியோ இருந்தால்? இல்லாத உயர்வை நான் கழித்திருப்பேன். கோடு விழவேண்டியதற்கு மேல் விழுந்திருக்கும். எங்களைப்போல் மாதிரி ஓட்டுபவர்கள் வேறெந்த ஊரிலிருந்தாலும் இப்பதிவைப் புயலின் அளவாகக் கொண்டிருக்கமாட்டார்கள். எங்களுக்கு அது கைக்கெட்டும் தொலைவில் இருந்தது.

வடக்கே, அந்த ஆற்றின் பிடிக்கு அப்பாலுள்ள நிலையமொன்றைத் தொலைபேசியில் அழைத்து அவர்களுடைய பதிவை வாங்கினோம். பகலுணவுக்கு முன்பே வந்துவிட்டது. அதில் இரண்டாம் பள்ளமே இல்லை. முதற்பள்ளத்துக்குப் பின் கோடு சீராக மேலேறியிருந்தது.

"முதல் ஓட்டத்துல மின்புலம் எந்தப் பக்கம் நோக்கி இருக்கு? உச்சிக்கு, நம்ம தலைக்கு மேலே?" என்றார் சார்.

அந்தக் கோப்பை நான் திறந்தே பார்க்கவில்லை. குழு கேட்டது எலெக்ட்ரான்களைப் பற்றி மட்டும்தானே! இப்போது திறந்தேன். வெளித்தள்ளல் நின்றதும், கரையாத தடுப்பினால், எங்கள் பகற்பக்கத்தில் மின்புலம் தலைகீழாகத் திரும்பியிருந்தது. அதுவே மேலேயுள்ள ஆற்றையும் திருப்பியிருக்கும். எங்கள் பதிவில் இரண்டாம் பள்ளம் விழுந்த அதே கால்மணி. முதல் ஓட்டம் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருந்தது. அதை வாயடைக்க நான் ஆறு ஓட்டம் ஓட்டியிருக்கிறேன்.

பணிக்கர் சார் நாற்காலியில் சாய்ந்தார். "இன்னிக்கு வெள்ளி. கமிட்டி இனி திங்களாழ்ச்சைதான். ரெண்டு நாள் உண்டு. யோசிக்கணுமா?"

"வேண்டாம் சார்."

"அந்தப் பையன் உன்கூட பஸ்ல வர்றவன் இல்லையோ?"

"ஆமாம் சார்."

"ஒப்பு நான் போடட்டா?"

"தப்பான ரிப்போர்ட்ல நான்தானே போட்டேன்."

"செரி. நீ மேலே போடு, நான் கீழே போடறேன்." அறிக்கையை எழுதி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். 'புதிய தரவுகளின் அடிப்படையில்' என்று நான் தொடங்கியிருந்த வாக்கியத்தைத் தாமே அடித்தார். "புதுசா ஒண்ணும் வரலை. நாம தப்பு செஞ்சோம்னு எழுது." அப்படியே எழுதினேன்.

அன்று மாலை பேருந்தில் ராஜன் வழக்கம்போலத் திரும்பி உட்கார்ந்தார். அறிக்கையின் படி என் மடியிலிருந்த பைக்குள் இருந்தது.

"அக்கா, திங்கட்கிழமை என்னைத் திரும்ப உள்ளே போடறாங்க. காலைல ஆர்டர் வந்துச்சு. அம்மாகிட்ட இன்னும் பறயல. வீட்ல போய் நேர்ல சொல்லணும்."

"ராஜா…"

"என்னக்கா?"

விசாரணை தொடர்பானதைக் குழுவுக்குத் தெரிவிக்குமுன் உரியவரிடம் சொல்லக்கூடாது என்று விதி உண்டு. அந்த விதி எனக்கு அப்போது மிக வசதியாக நினைவுக்கு வந்தது.

"ஒண்ணுமில்லை. ஜன்னலைச் சாத்து, சாரல் அடிக்கறது."

அவர் எழுந்து சாத்தினார்.

திங்களன்று குழு மீண்டும் கூடியது. கட்டளைப் பதிவுகளை முதலிலிருந்து படித்தார்கள். முதற்கட்டளை சென்று சேர்ந்ததென்ற ஒப்புகை வருமுன் இரண்டாவது கட்டளை அனுப்பப்பட்டிருந்தது. ராஜன் மறுக்கவில்லை. அவரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நீக்கி, செயல்முறைக் குறிப்பேடுகள் எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை. ஆனால் அந்த அறைக்குள் நுழைவதற்கான அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பேருந்தில் அவர் முன்வாசல் வழியே ஏறி ஓட்டுநருக்கு அருகில் உட்காரத் தொடங்கினார்.

சில வாரம் கழித்து, வாயிலருகே வண்டிக்குக் காத்திருந்தபோது நானே அவரிடம் போனேன்.

"கோபமா இருக்கியா, ராஜா?"

"ரிப்போர்ட்டுக்கா? அது செரியான ரிப்போர்ட்டுதானே. ஒப்புகை வந்திருச்சுன்னு நினைச்சேன், வரல. உங்க முதல் ரிப்போர்ட் வந்தப்ப, நான் தப்பு பண்ணலன்னு நானே நம்பிட்டேன் அக்கா. அதுக்கு உங்களைக் குத்தம் சொல்ல முடியாது." வண்டி வரும் பக்கம் பார்த்தார். "வெள்ளிக்கிழமை என் பின்னால இருந்தீங்க. பேப்பர்ல அன்னிக்குத் தேதிதான் போட்டிருந்துச்சு, அது உங்க பையில இருந்திருக்கும். ஒரு வார்த்தை பறஞ்சிருந்தா, வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட வேலை திரும்பக் கிடைச்சிருச்சுன்னு சொல்லியிருக்க மாட்டேன்."

வண்டி வந்தது. அவர் முன்வாசலில் ஏறினார்.

நான்கு ஆண்டுகள் அவர் என்னோடு பேசவில்லை. அவரைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கட்டளைக்கு ஒப்புகை வந்ததை இரண்டாமவர் ஒருவர் வாய்விட்டுப் படித்தபின்னரே அடுத்ததை அனுப்பவேண்டும் என்ற முறையை வகுத்தவர் அவர் என்றார்கள். அந்த முறையை நடத்திக்காட்டவென்றே அவரை மீண்டும் அறைக்குள் எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார்கள். பணிக்கர் சார் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார். சீட்டுகள் என் மேசைக்கு வரத் தொடங்கியிருந்தன.

மற்றொரு புயல்நாளில், பகல் மூன்று மணியளவில், என் மேசைத் தொலைபேசி ஒலித்தது.

"அக்கா, ராஜன் பேசறேன்."

"சொல்லு ராஜா."

"ஒரு சாட்டிலைட் ராத்திரிப் பக்கத்துல நிக்குது. பாதை மாத்தக் கமாண்ட் அனுப்பணும். இப்ப அங்க பிளாஸ்மா எப்படி இருக்கு?"

"கமிட்டி ஏதானும் கேக்கச் சொல்லித்தா?"

"யாரும் சொல்லல. நான்தான் கேக்கறேன். எனக்கு வேண்டி நல்லதா ஒண்ணும் பறய வேண்டாம்."

சீட்டை எழுதிவைத்திருந்தேன், ஓட்டம் இன்னும் முடியவில்லை. என் எதிர்பார்ப்பைச் சொல்லிவிட நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டேன்.

"எனக்கு இன்னும் தெரியாது. அரைமணி ஆகும். போனை வெச்சுடு, முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்."

"இல்லக்கா, வெக்கல. இருக்கேன்."

ரிசீவரை மேசைமேல் மல்லாத்தி வைத்தேன். அதனுள்ளிருந்து அவ்வறையின் அரவம் மெலிதாக வந்துகொண்டிருந்தது. நாற்காலி நகர்வது, யாரோ எண்களைப் படிப்பது, ராஜன் தேநீர் வேண்டாமென்பது. வரைபடம் வந்தது. ராஜன் கேட்ட இரவுப்பக்கம் தொடங்கி விடியற்பக்கம் முழுதும் எலெக்ட்ரான்கள் நிறைந்திருந்தன. வடக்கு நிலையத்துப் பதிவை அதனருகே வைத்து ஒருமுறை பார்த்தேன். பிறகு ரிசீவரை எடுத்தேன்.

"ராஜா, இருக்கியா?"

"இருக்கேன் அக்கா."

"இப்ப அனுப்பாதே."

அவர் ஏனென்று கேட்கவில்லை. முகத்தைத் திருப்பி அறையைப் பார்த்து அவர் உரக்கச் சொன்னது எனக்குக் கேட்டது: "இப்போள் வேண்டா. நிறுத்திக்கோ."